நேறம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். நீயும் அத்தானும் சௌக்கியம்தானே? பூனை இன்னும் அத்தானின் செருப்பைத்தான் கடிக்கிறதா?

போன் பேசவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. இந்த நீரேற்று நிலையத்தில் போனைக் கேட்டிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து ஒரு கம்பிகூட உள்ளே வராது. பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் போகிற இடம், யாரும் எங்கோ உட்கார்ந்துகொண்டு கைவைத்துவிடக் கூடாதாம். வாரம் ஒரு தடவை சாமான் வண்டி வருகிறது. அதில்தான் தபால். சிவப்புப் பேனாவைத் தயாராக வைத்துக்கொள், அச்சகத்தில் திருத்துவது போதாதென்று வீட்டிலும் வேலை வரப்போகிறது.

என்ன வேலை என்று கிளம்பும்போது கேட்டாய். பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள். அவர் தன் வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு விட்டிருக்கிறார். ஒவ்வொரு குடித்தனமும் தனி வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அவற்றைத்தான் விர்ச்சுவல் மெஷின் என்கிறோம். ஒவ்வொன்றுக்குள்ளும் தனி ஆபரேட்டிங் சிஸ்டம், தனிக் கடிகாரம். கோளாறு அந்தக் கடிகாரங்களில். வால்வை மூடச் சொல்வதற்கு முன்பே வால்வு மூடிக்கொண்டதாகப் பதிவாகிறது. எங்கள் இன்சார்ஜ் தலையில் கைவைத்துக்கொண்டு, "சொல்றதுக்கு முன்னாடியே செய்யற ஆளு என் வீட்டுலகூட கெடையாதேப்பா" என்றார்.

சிரிப்பதற்கில்லை. நிஜமாகவே ஒரு குழாய் உடைந்தால் எது முதலில் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சரிசெய்யத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள். வேலையில்லாமல் உன் வீட்டு சோபாவில் எவ்வளவு காலம் கிடந்தேன்! இங்கே நான் உள்ளே நுழைந்தால் நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள், அக்கா. நேறம் போவதே தெரியவில்லை.

உடனே பதில் போடு.

உன் தம்பி,
வாண்டு

*

பிப்ரவரி 20

வாண்டுப் பயலுக்கு அக்காவின் அன்பு.

இங்கே எல்லோரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அத்தானுக்கு இப்போது விமான நிலையம் போகிற பஸ்ஸில் டியூட்டி. பெட்டி தூக்கி ஏற்றியே இடுப்பு போய்விட்டது என்கிறார். பூனை செருப்பை விட்டுவிட்டு ஷூவுக்கு வந்திருக்கிறது.

முதலில் தொழில். "நேறம்" என்று எழுதியிருக்கிறாய். கடிகாரத்தைச் சரிசெய்ய உன்னையா எடுத்தார்கள்? நேரத்துக்கு இடையின ர. இந்த ஒரு சொல்லுக்காகவே சின்ன வயதில் உன் காதை எத்தனை தரம் திருகியிருப்பேன்! காது நீண்டதுதான் மிச்சம்.

அச்சகத்தில் கொஞ்சம் மனத்தாங்கல். கணக்குப் புத்தகம் ஒன்றில் புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் வித்தியாசம் பார்க்காமல் விட்டுவிட்டேன். அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, என் மேசை விளக்கை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். புது விளக்கிலும் அப்படித்தான் இருக்கிறது.

உன் குடித்தனக்காரர்களின் கடிகாரத்தை எப்படிச் சரிசெய்வாய்? முள்ளைத் திருகி வைத்துவிட்டால் ஆயிற்று என்று அத்தான் சொல்கிறார். வீட்டில் எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் சரிசெய்கிறார்.

லீவு கிடைத்தால் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் மூவரின் நலம் தெரிந்து மகிழ்ச்சி. அத்தானைப் பெட்டி தூக்க வேண்டாம் என்று சொல், ஏறுகிறவர்கள் தூக்கட்டும்.

கோளாறு எங்கே என்று பிடித்துவிட்டேன்! வீட்டுக்காரருக்கு வேலை அதிகமாகும்போது ஒரு குடித்தனத்தைத் தூங்க வைத்துவிட்டு இன்னொன்றைக் கவனிக்கப் போய்விடுகிறார். தூங்கியதே அவனுக்குத் தெரியாது. எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கிறான். அவன் கணக்கில் எல்லாம் சரி. வெளியே நேரம் போய்விட்டது என்று சொல்ல ஆள் இல்லை, எங்கள் இடத்துக்குத்தான் வெளியுலகமே கிடையாதே. அதனால் உள்ளேயே நம்பகமான கடிகாரம் ஒன்றை வைத்து, எல்லோரும் அதைக் கேட்டு நடக்கும்படி செய்துகொண்டிருக்கிறேன்.

அத்தான் சொன்னபடி முள்ளைத் திருகக் கூடாது. ஒரேயடியாகத் தள்ளிவிட்டால் உள்ளே நடக்கிற வேலையெல்லாம் உடைந்துபோகும். இடையில் இருந்த நேரம் எங்கே போயிற்று என்று புரியாமல் ஒவ்வொன்றும் தடுமாறும். பின்தங்கிய கடிகாரத்தைச் சற்றே வேகமாக ஓடவிட வேண்டும். உள்ளே இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. மெல்ல மெல்ல உண்மையான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவான். நாங்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் இழுப்பு. தள்ளாதே, இழு. இங்கே எல்லோரும் என் வசனம் என்று சொல்லிக் கேலி செய்கிறார்கள்.

முகம் காட்ட வருகிறேன். இதை முடித்துவிட்டு வருகிறேன். பிழைகளைத் திறுத்தி அனுப்பு.

வாண்டு

*

ஏப்ரல் 2

தம்பி வாண்டுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல்.

"திருத்தி" என்பதையே தப்பாக எழுதுகிறவனை என்ன செய்வது? வேண்டுமென்றே எழுதினாய் என்று எனக்குத் தெரியும். கடைசி வரியில் என்னைச் சீண்டாமல் உனக்குத் தூக்கம் வராது.

நீ எழுதியதை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "இழுப்பு நல்ல யோசனைதான், பஸ்ஸுலயே சட்டுனு பிரேக் போட்டா உள்ள இருக்கறவன் விழுந்துடுவான்ல" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான்.

நான் கண்ணாடி மாற்றியிருக்கிறேன். போன மாதம் ஒன்று, இந்த மாதம் ஒன்று. முதலாளி என்னைப் பொடி எழுத்துப் புத்தகங்களிலிருந்து குழந்தைப் புத்தகங்களுக்கு மாற்றிவிட்டார். ஒரு பக்கத்துக்கு நாலு வரி, ஒவ்வொரு எழுத்தும் கத்தரிக்காய் அளவு. யானை வருகிறது, யானை போகிறது. இதில் பிழை விட்டால் யானையே சிரிக்கும். கண் டாக்டரிடம் போய் வந்தேன். ஓரத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது, நடுவில் மட்டும் சின்னப் புள்ளி என்றார். அவர் சீட்டில் எழுதியதை யாராலும் படிக்க முடியாது, அதனால் அது என் கண்ணின் குற்றமா அவர் எழுத்தின் குற்றமா என்று தெரியவில்லை.

வேலை முடியும்வரை காத்திருக்காதே. முடிந்தால் இப்போதே வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

அக்கா

*

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள். உடம்பு நன்றாக இருக்கிறது. கண்ணாடி போட்டால் நீ வாத்தியாரம்மா மாதிரி இருப்பாய். எனக்கு இப்போதே காது வலிக்கிறது.

இதற்குள் இரண்டு வண்டிகள் வந்தது, ஆனால் எழுத நேறம் இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்த கடிகாரங்கள் மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டன. தோண்டிப் பார்த்தால் வேடிக்கை. வீட்டுக்காரரும் தன் பங்குக்கு உள்ளே இருப்பவனின் நேரத்தைத் திருத்துகிறார். நான் வைத்த கடிகாரத்தைக் கேட்டு அவனும் தன்னைத் திருத்திக்கொள்கிறான். இரண்டு பேர் ஒரே பிள்ளையைத் திருத்தினால் பிள்ளை என்ன ஆவான்? இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஓர் இழுப்பு. வீட்டுக்காரரை வாயை மூடிக்கொண்டிருக்கும்படி செய்ய வேண்டும். ஒவ்வொரு குடித்தனத்திலும் போய்ச் செய்ய வேண்டிய வேலை.

லீவு கிடைத்தது, அக்கா. நான்தான் தள்ளிப்போட்டேன். இன்சார்ஜ் எல்லோர் முன்னாலும், "இவன் ஒரு நாள் இல்லேன்னா இந்த எடம் ஓடாது" என்றார். அதைக் கேட்ட பிறகு எப்படிக் கிளம்புவது? நம் வீட்டில் யாராவது என்னைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கிறார்களா? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். என் மூஞ்சி எங்கே ஓடிவிடப்போகிறது?

அத்தானுக்கு என் அன்பு.

வாண்டு

*

ஜூன் 18

அன்புத் தம்பிக்கு,

அச்சடித்த எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, கோர்ட்டு நோட்டீஸ் அல்ல. அக்காதான். மணிக்கட்டில் பிசகு, பேனா பிடிக்க முடியவில்லை. அச்சகத்தில் என் பக்கத்து மேசை டைப்பிங் அம்மாவை உனக்கு நினைவிருக்கும், உன்னை ஒரு தரம் மின்விசிறி மெக்கானிக் என்று நினைத்து ஏணியில் ஏற்றிவிட்டாரே, அவர்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் சொல்லச் சொல்ல அடித்துத் தருகிறார். கை சரியாகும்வரை முதலாளியும் வீட்டிலிருக்கச் சொல்லிவிட்டார்.

"வண்டிகள் வந்தது" என்று எழுதியிருக்கிறாய். பன்மைக்கு "வந்தன". மற்றபடி கடிதம் நன்றாக இருந்தது.

இடம் ஓடாது என்று சொன்னாரா? எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. நீ சோபாவில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவள் நான். உன் வேலையைக் கெடுத்துக்கொண்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, தம்பி. வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

உடம்பைப் பார்த்துக்கொள். போர்வை போதுமானதாக இருக்கிறதா?

அக்கா

*

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மணிக்கட்டு எப்படி இருக்கிறது? டைப்பிங் அம்மாவுக்கு என் வணக்கம். அந்த ஏணி விஷயத்தை நான் இன்னும் மறக்கவில்லை என்று சொல்.

இங்கே வேலை பறவாயில்லை. பாதிக் கடிகாறங்கள் சரியாகிவிட்டன. நேற்று நானும் இன்சார்ஜும் பம்பு அறைக்குப் போனேன். ஒறு மணி நேறம் நின்று பார்த்தோம். சத்தம்தான் பெறிது. மர்றபடி ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்துக்கு மட்டும் சீக்கிறம் பதில் போடு.

வாண்டு

*

ஜூலை 31

வாண்டுக்கு அக்காவின் ஆசிகள்.

நாங்கள் சுகம். மணிக்கட்டு மெல்லத் தேறுகிறது.

இந்தத் தடவை ஒரே ஒரு பிழை! "நானும் இன்சார்ஜும் போனேன்" என்று எழுதியிருக்கிறாய். "போனோம்" என்று வர வேண்டும். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அதிலும் நேரத்தைச் சரியாக எழுதியிருக்கிறாய் பார், எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இத்தனை வருஷம் காதைத் திருகியது வீண்போகவில்லை. அத்தானிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

கடிதம் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது? உன் குடித்தனக்காரர்களைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. எனக்கு அவர்கள் கதை பிடித்திருக்கிறது. நிறைய எழுது, டைப்பிங் அம்மாவுக்கும் பொழுது போகும்.

வரும்போது வா. அவசரமில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 7

டைப்பிங் அம்மா, வணக்கம். இதை ஒரு வரி விடாமல் அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள். இடையில் அவள் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

அக்கா,

போன கடிதத்தில் "நேறம்" என்றுதான் எழுதினேன். அது மட்டுமில்லை, கைக்கு வந்த இடமெல்லாம் ர-வையும் ற-வையும் மாற்றிப் போட்டேன். கத்தரிக்காய் அளவு பிழைகள். எழுத்துப் பிழையே இல்லை என்று உச்சி குளிர்ந்திருக்கிறாய்.

ஜூன் கடிதத்திலேயே எனக்கு இடறியது. "வண்டிகள் வந்தது" என்பதைப் பிடித்துவிட்டாய். அதே வரியில் இருந்த நேறத்தை விட்டுவிட்டாய். நீயாவது, அந்தச் சொல்லை விடுவதாவது! கோளாறு தேடுகிறவன் என்ன செய்வான், வேண்டுமென்றே கோளாறை உண்டாக்கிப் பார்ப்பான். அதைத்தான் செய்தேன். காதில் விழுகிற பிழை எல்லாம் உனக்குத் தெரிகிறது. கண்ணுக்கு மட்டும் தெரிகிற பிழை ஒன்றும் தெரியவில்லை. யாரோ படிக்க நீ கேட்கிறாய். மணிக்கட்டில் பிசகு வந்தால் எழுத முடியாது, படிக்கவுமா முடியாது?

நடுவில் சின்னப் புள்ளி என்று எழுதியிருந்தாய். பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். விளக்கு, கண்ணாடி, யானைப் புத்தகம், மணிக்கட்டு. ஒவ்வொன்றிலும் முகத்தைக் காட்டிவிட்டுப் போ. எல்லோரும் சொல்கிற பேச்சு என்று நினைத்துவிட்டேன். நீ நிஜமாகவே முகத்தைத்தான் கேட்டிருக்கிறாய். கடைசிக் கடிதத்தில் அந்த வரி இல்லை, அக்கா. அவசரமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை.

தள்ளாதே, இழு என்று பெரிய மேதாவி மாதிரி எழுதினேன். அதற்கு இன்னொரு பாதி இருக்கிறது. பின்தங்கியது கொஞ்சமாக இருந்தால்தான் இழுப்பு. ரொம்பப் பின்தங்கிவிட்டால் இழுத்து முடிவதற்குள் காரியமே கெட்டுவிடும். அப்போது உள்ளே நடக்கிற வேலையையெல்லாம் நிறுத்திவிட்டு, ஒரே தள்ளாகச் சரியான நேரத்தில் வைத்துவிட வேண்டும். உடைகிறது உடையட்டும். அந்தப் பாதி உனக்கு எதற்கு என்று எழுதாமல் விட்டேன்.

பாதிக் கடிகாரங்கள் அப்படியே கிடக்கின்றன. இன்சார்ஜிடம் போய்ச் சொன்னேன். அவர், "நீ போயிட்டு வாப்பா, இந்த எடம் எங்கயும் ஓடிடாது" என்றார். அதே வாய்தான்.

அடுத்த வண்டியில் வருகிறேன்.

வாண்டு

*

செப்டம்பர் 12

என் வாண்டுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. வழியில் ஏதாவது சாப்பிட்டாயா? இங்கே நீ போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. பூனை சோபாவிலேயே படுத்திருக்கிறது.

இதை நேரில் சொல்ல முடியவில்லை. டைப்பிங் அம்மா அடித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சுகிறார், அதனால் எங்கேயாவது எழுத்து பிசகியிருந்தால் அவர் கணக்கு.

நீ வாசலில் வந்து நின்றபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ பையைக்கூட இறக்காமல், "என்னக்கா, மூஞ்சியத் திருப்பிக்கற? கோவமா?" என்றாய். நான், "ஆமாடா, கோவந்தான்" என்றேன். இருந்த அத்தனை நாளும் நான் உன்னிடம் பேசும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். நீ எதிரில் வந்து வந்து உட்கார்ந்தாய். நான் திரும்பித் திரும்பிக்கொண்டேன். உன் குரல் இறங்கிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது.

கோபம் இல்லை, தம்பி. எனக்கு நடுவில்தான் ஒன்றும் தெரியாது. ஓரம் கொஞ்சம் இருக்கிறது. நேராகப் பார்த்தால் நீ நிற்கிற இடத்தில் கறைதான் நிற்கும். வேறு பக்கம் திரும்பினால் ஓரத்தில் நீ வருவாய். அப்படித்தான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைக் காலர் தெரிந்தது. காதுக்கு மேலே நரை தெரிந்தது. காது தெரிந்தது, நீளக் காது. முகம் வரவில்லை. எவ்வளவு திருப்பியும் வரவில்லை. இதைச் சொன்னால் நீ அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவாய் என்று கோபம் என்றேன்.

ஏப்ரலில் வந்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்கு நீ மட்டுமா காரணம்? டாக்டர் என்னிடம் முதல் தடவையே நேராகச் சொல்லிவிட்டார். ஊசி போட்டுப் பார்ப்போம், கேட்டால் கேட்கும், இல்லையென்றால் இவ்வளவுதான் என்றார். ஊசி கேட்கவில்லை. நான்தான் உன்னைத் தடுமாற வைக்கக் கூடாது என்று புள்ளி, கண்ணாடி, மணிக்கட்டு என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வரி எழுதியிருந்தால் ஓடி வந்திருப்பாய். என் தம்பியை எனக்கே தெரியாமல் போயிற்றே என்று இப்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இன்னொரு விஷயம். உன் பிழைகளை டைப்பிங் அம்மா பார்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒங்க தம்பிக்குத் தமிழ் அவ்ளோதான்னு நெனச்சேன், சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றார். இப்போது ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். ர, ற வருகிற இடமெல்லாம் சின்ன ர, பெரிய ற என்று சொல்லிச் சொல்லித்தான் படிக்கிறார். ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

போய்ச் சேர்ந்ததும் நீ போட்ட கடிதத்தையும் அப்படித்தான் படித்தார். நேரம் என்று நாலு இடத்தில் வந்தது. நாலிலும் சின்ன ர. கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு பிழைகூட இல்லை என்றார். எனக்காகப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாய், தெரிகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த தடவை ஒன்றாவது தப்பாக எழுது, வாண்டு. நான் பிடிக்கிறேன்.

அக்கா